சிவப்பும் ஊதாவும்: கன்ரனீயப் புகழ்த்தொடர் ஒன்றின் சமூக வரலாறு

ஒரு மொழியில் வழங்கும் மரபுத்தொடர்களை அணிநலன் கருதி மட்டும் நோக்குவது பொதுவாக உள்ள வழக்கம். ஆயின், அத்தொடர்கள் அம்மொழி பேசும் சமுதாயத்தின் அதிகார உறவுகளையும் மதிப்பீடுகளையும் தம்முட் பொதிந்து வைத்திருக்கும் வரலாற்றுச் சான்றுகளுமாகும். கல்வெட்டும் செப்பேடும் ஆண்டோரின் ஆணையைக் கூறும். நாவழக்கோ அவ்வாணையை ஆளப்பட்டோர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர், பின்னர் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதைக் கூறும். தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலும் ஹொங்கொங்கிலும் பேசப்படும் கன்ரனீய மொழியில், நடிகர், பாடகர் முதலிய கலைஞரின் பெரும்புகழைக் குறிக்க வழங்கும் தொடரொன்று இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

‘ஹுங் தோ ஃபாட் ட்சி’ என்பது அத்தொடர். ‘ஹுங்’ என்பது சிவப்பு. ‘தோ’ என்பது ‘என்னும் அளவுக்கு’ எனப் பொருள்தரும் இடைச்சொல். ‘ஃபாட்’ என்பது வெளிப்படுதல். ‘ட்சி’ என்பது சிவப்பும் நீலமும் கலந்த ஊதா. ‘ஊதா தோன்றும் அளவுக்குச் சிவத்தல்’ என்பது இதன் நேர்ப்பொருள். புகழின் உச்சத்தை அடைந்து, அவ்வுச்சத்தையும் கடந்து நிற்கும் நிலையை இது குறிக்கும். சீனப் பொதுமொழியிலும் இதனையொத்த தொடர் உண்டு. ‘பெருஞ்சிவப்பு, பெரும் ஊதா’ எனப் பொருள்படும் நாற்சொற்றொடரொன்றும் அங்கு வழங்குகின்றது. எனினும், மேடைக்கலையும் திரைப்படமும் இசைத்தட்டும் தொலைக்காட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்த கன்ரனீய உலகிலேயே இத்தொடரின் வாழ்வைத் தொடர்ச்சியாகக் காண முடிகின்றது.

சிவப்பு ஏன் புகழைக் குறிக்கவேண்டும்? சிவப்பினும் மேலானதாக ஊதா ஏன் கொள்ளப்படவேண்டும்? அந்நிறங்களை ஒருவருக்கு அளிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படும்போது, ஒரு மொழித்தொடரின் வரலாறு புகழ் என்னும் சமூக நிறுவனத்தின் வரலாறாகவே விரிகின்றது.

தொடரின் வழக்காறு

தமிழ் வாசகர் இத்தொடரை அணுகுமிடத்து ஒன்றை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். தமிழில் ஒருவர் ‘சிவந்தார்’ எனின் அது சினத்தையே உணர்த்தும். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளிப்பொருளை உணர்த்துமெனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறியுள்ளார். அதேவேளை, ‘செம்மை’ என்னுஞ் சொல் நிறத்தையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். கன்ரனீயச் சிவப்பு இவ்விரண்டுமன்று. அது மங்கலத்தின் நிறம், திருமணத்தின் நிறம், புத்தாண்டிற் பணமிட்டு வழங்கும் சிற்றுறையின் நிறம். வணிகத்திற் பங்காளர் பெறும் இலாபப்பங்கும் ‘சிவப்பு’ என்னுஞ் சொல்லடியாகவே பெயர்பெறுகின்றது. பேறு, ஆதாயம், பிறரது விருப்பத்துக்கு ஆளாதல் என்னும் கருத்துக்கள் யாவும் அச்சொல்லில் அடங்குகின்றன. ஆட்சியாளரின் அல்லது முதலாளியின் அன்புக்குரியவரைச் ‘சிவப்பு மனிதர்’ என்பர்.

‘ஹுங்’ என்பது தனித்து நின்றும் புகழைக் குறிக்கும். ஒரு பாடகி ‘மிகச் சிவப்பு’ எனின் அவளை மக்கள் பெரிதும் விரும்புகின்றனர் என்பது பொருள். விருப்பம் பெறாத நடிகன் ‘சிவக்காதவன்’. இச்சொல்லை அடியாகக்கொண்டு ஒரு சொற்குடும்பமே தோன்றியுள்ளது. புகழை நோக்கிச் செல்லுதல் ‘சிவப்பில் நடத்தல்’. திடீரெனப் பெயர்பெறுதல் ‘வெடித்துச் சிவத்தல்’. ஒருவரை இரு கைகளாலும் ஏந்தி உயர்த்திப் புகழ்பெறச் செய்தல் ‘ஏந்திச் சிவப்பித்தல்’. ஒருகாலத்தில் உச்சத்திலிருந்து பின்னர் மறைந்தோரைப் பற்றியது ‘ஒருபொழுது முற்றச் சிவந்தமை’. புகழிழந்த கலைஞரைக் ‘கோ ஹெய்’, அதாவது ‘ஆவி போனவர்’ என்பர். ‘மனிதர் சிவப்பின் வம்பு பெருகும்’ என்னும் கருத்துடைய முதுமொழியும் உண்டு. இச்சொற்குடும்பத்தின் உச்சியில் நிற்பதே ‘ஊதா தோன்றும் அளவுக்குச் சிவத்தல்’ என்பதாகும்.

இத்தொடரைக் கையாளுவதிற் சில வரையறைகள் உள. முதலாவதாக, இது பிறரைப் பற்றிப் பிறர் கூறுவது. தன்னைத்தானே இவ்வாறு கூறிக்கொள்பவர் நகைப்புக்கிடமாவர். இரண்டாவதாக, இது பெயர்பரவுதலை மட்டும் குறிப்பதன்று. பெயர்பரவுதலுக்குக் கன்ரனீயத்தில் வேறு சொல் உண்டு. கொடியவனும் அச்சொல்லுக்கு உரியவனாகலாம். சிவத்தற்கோ மக்களின் விருப்பம் வேண்டும். மூன்றாவதாக, கல்வியாலும் ஒழுக்கத்தாலும் மதிப்புப்பெற்ற முதியோரை இத்தொடராற் புகழ்தல் பொருந்தாது. அது அவர்களை மேடைக்கு இழுப்பதாக முடியும். நான்காவதாக, இது காலத்தோடு பிணைந்தது. இன்னார் இன்ன ஆண்டுகளில் ஊதாவாகும்வரை சிவந்திருந்தார் எனக் கூறுவது இயல்பு. என்றென்றும் சிவந்திருந்தார் எனக் கூறுவது இத்தொடரின் உள்ளியல்புக்கே முரணாகும். ஊதா முற்றினாற் கறுப்பாகும் என வேடிக்கையாகத் தொடரை நீட்டிச் சொல்வாரும் உளர். உச்சத்துக்கு அப்பாலுள்ளது சரிவே என்னும் உலகியலறிவு அந்நகைச்சுவையில் அடங்கியுள்ளது.

சாயமும் ஒழுங்கும்

‘ஹுங்’, ‘ட்சி’ ஆகிய இரண்டு சொற்களின் எழுத்துருக்களையும் நோக்கின், இரண்டிலும் பட்டுநூலைக் குறிக்கும் உறுப்பு இடம்பெற்றிருத்தல் புலனாகும். இவை வானத்தின் நிறத்தையோ குருதியின் நிறத்தையோ சுட்டப் பிறந்த எழுத்துக்களல்ல. சாயமேற்றிய துணியைச் சுட்டப் பிறந்தவை. கி.பி. 100இல் முற்றுப்பெற்ற ‘ஷுவொவென்’ என்னும் பழைய எழுத்தகராதி, முதலாவது எழுத்தை வெண்மை கலந்த செந்நிறப் பட்டெனவே விளக்குகின்றது. முழுச்சிவப்பைக் குறிக்க அக்காலத்தில் வேறு சொற்கள் இருந்தன. பிற்காலத்திலேயே ‘ஹுங்’ சிவப்புக்குப் பொதுச்சொல்லாயிற்று. ஆகவே, இத்தொடரின் அடியிலுள்ள படிமம் மெய்யின் நிறமன்று, உடையின் நிறம். உடையோ ஒருவர் அளிக்க ஒருவர் அணிவது, களையவும் படுவது.

பண்டைச் சீனரின் கொள்கைப்படி நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்துமே முறையான நிறங்கள். ஊதா கலப்பு நிறமாதலின் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது. ஊதா சிவப்பின் இடத்தைக் கவர்ந்துகொள்வதைக் கொன்பூசியஸ் வெறுத்தாரென அவருடைய உரைத்தொகுப்புக் குறிப்பிடுகின்றது. அவ்வெறுப்பு வெறும் சுவைவேறுபாட்டால் எழுந்ததன்று. கலப்பானது தூயதன் இடத்தைப் பிடிப்பது சமூக ஒழுங்கின் குலைவுக்கு அடையாளமென்பதே அவர் கருத்து.

இக்குலைவு எவ்வாறு தொடங்கிற்று என்பதை ஹான் ஃபெய் என்னும் சிந்தனையாளரின் நூலிலுள்ள கதையொன்று காட்டுகின்றது. கி.மு. 685 முதல் 643 வரை சீ நாட்டை ஆண்ட ஹுவான் கோமகன் ஊதா உடையை விரும்பி அணிந்தான். நாடு முழுவதும் அவனைப் பின்பற்றியது. ஊதாத் துணியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. சாயமேற்றாத பட்டு விலைபோகவில்லை. இதனைத் தடுக்க வழி யாதென அவன் வினவியபோது, அமைச்சர் குவான் சொங் ஆணையொன்றும் பிறப்பிக்கச் சொல்லவில்லை. ஊதா அணிந்து நெருங்குவோரிடம் அதன் நாற்றம் பிடிக்கவில்லை எனக் கூறினாற் போதும் என்றார். ஊதாச் சாயம் ஒருவகைப் பூண்டின் வேரிலிருந்து பெறப்பட்டது. அதற்கெனத் தனி வாடை உண்டு. மன்னன் அவ்வாறே செய்தான். விரைவில் ஊதா மறைந்தது. கதை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததா என்பதினும், அது உணர்த்தும் உண்மை முக்கியமானது. நிறத்தின் மதிப்பு நிறத்தில் இல்லை. அதனை நோக்கும் கண்ணில், அதிலும் அதிகாரமுள்ள கண்ணில் உள்ளது என்பதே அவ்வுண்மை.

அரசன் அளித்த நிறம்

விருப்பமாக இருந்தது சட்டமாயிற்று. தாங் வம்சத்துப் பேரரசன் தாய்சொங் 630ஆம் ஆண்டில் அலுவலரின் உடைநிறங்களை வகுத்தான். மூன்றாந் தரமும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு ஊதா. நான்காம், ஐந்தாம் தரத்தார்க்குச் செந்நிறம். ஆறாம், ஏழாம் தரத்தார்க்குப் பச்சை. எட்டாம், ஒன்பதாம் தரத்தார்க்கு நீலம் என அவ்வொழுங்கு அமைந்தது. 674இல் ஒவ்வொரு நிறமும் அடர்த்தி, மென்மை எனப் பகுக்கப்பட்டு மேலும் நுணுக்கமாயிற்று. அலுவல் பெறாதோர் ‘வெள்ளாடையர்’ எனப்பட்டனர். ஊதா அங்கியோடு பொன்மீன் பொறித்த பையும், சிவப்பு அங்கியோடு வெள்ளிமீன் பொறித்த பையும் அணியப்பட்டன. பேரரசனின் அவையில் நிற்பவர் யாவரென அறிய, அவர் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. அங்கியைப் பார்த்தாற் போதும். சிவப்பிலிருந்து ஊதாவுக்கு உயர்தல் என்பது உவமையன்று; அலுவலரின் வாழ்வில் நிகழ்ந்த, கண்ணாற் காணத்தக்க பதவியுயர்வு. புகழ்த்தொடரின் பிறப்புக்கு இவ்வுடைமுறையே காரணமெனப் பொதுவாக விளக்கங் கூறப்படுகின்றது.

இம்முறையின் நெகிழ்ச்சிகளும் கவனத்துக்குரியன. தரம் போதாதவர்க்கும் சிறப்பு நோக்கி ஊதாவை ‘வழங்குதல்’ உண்டு; மாகாண அலுவலர் தம் பதவிக்காலத்துக்கு மட்டும் உயர்நிறத்தை ‘இரவல்’ பெறுதலும் உண்டு. பேரரசி வூ தமது ஆட்சியுரிமைக்குச் சமயச் சான்று தேடித்தந்த பௌத்த பிக்குகளுக்கு 690இல் ஊதாச் சீவரம் அளித்தார். துறவிக்கு நிறத்தின் தரம் எதற்கென வினவுதல் எளிது. ஆயின், நிறத்தை வழங்கும் உரிமை அதிகாரத்தின் கருவியாக எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

சொங் காலத்தில், 1078 முதல் 1085 வரையிலான சீர்திருத்தங்களின்போது, நான்காந் தரம்வரை ஊதா விரிவுபெற்றது. மிங் காலத்தில் (1368–1644) நிலைமை மாறியது. செந்நிறமே அலுவலரின் உயர்நிறமாயிற்று. ஊதா அலுவலுடையிலிருந்து நீங்கியது. அரசகுலத்தின் குடிப்பெயரே செந்நிறத்தைக் குறிக்கும் ‘சூ’ என்பதாகும். சிங் காலத்தில் (1644–1912) அங்கியின் நிறத்துக்குப் பதிலாகத் தொப்பியின் உச்சிமணி தரத்தைக் காட்டியது. முதலிரு தரத்தாரின் மணிகளும் சிவப்பு. இவ்வாறு, ஊதா சிவப்பினும் உயர்ந்தது என்னும் கருத்து அரசின் சட்டத்திலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் மக்களின் நாவில் நிலைத்தது. சட்டம் இறந்த பின்னரும் சொல் வாழ்ந்தது எனலாம்.

இரு சிவப்புக்கள் சந்தித்த இடம்

தாங் காலத்திலேயே அரசன் அளித்த சிவப்புக்குப் புறம்பாக மற்றொரு சிவப்பும் இருந்தது. இதற்குச் சிறந்த சான்று, கவிஞர் பாய் ஜூயீ 816ஆம் ஆண்டிற் பாடிய, ‘பிப்பா’ என்னும் நரம்பிசைக்கருவி பற்றிய நெடும்பாடல் ஆகும். அதற்கு முந்திய ஆண்டில் அவர் தலைநகரிலிருந்து பதவியிறக்கம் பெற்று, யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்சோவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அங்கு ஓரிரவு, படகொன்றிலிருந்து இசைக்கருவியை மீட்டிய பெண்ணைச் சந்திக்கின்றார். ஒருகாலத்தில் அவள் தலைநகர் சங்கானில் யாவரும் போற்றிய கலைஞர். அவளுடைய ஒவ்வோர் இசைக்கும் செல்வ இளைஞர் போட்டியிட்டு எண்ணற்ற செம்பட்டுக்களைப் பரிசாக அளித்தனர். ஆண்டுகள் செல்ல, வாயில் வெறிச்சோடியது. அவள் தேயிலை வணிகன் ஒருவனின் மனைவியாகித் தனிமையிற் படகில் வாழ்கின்றாள். பாடலின் இறுதியில், கேட்டிருந்தோருள் மிகுதியாகக் கண்ணீர் வடித்தவர் கவிஞரே. அக்கண்ணீரால் நனைந்தது கடைத்தரத்து அலுவலரின் நீல அங்கி.

வரலாற்று மாணவர்க்கு இப்பாடல் தரும் செய்தி பெரிது. அவையிலிருந்து நிறமிழந்த அலுவலரும், அரங்கிலிருந்து நிறமிழந்த கலைஞரும் ஒரே படகில் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். ஒருவருடைய சிவப்பை அளித்துப் பறித்தவன் பேரரசன். மற்றவருடைய செம்பட்டை அளித்து மறந்தவர் இரசிகர். அளிப்போர் வேறாயினும், நிறத்தின் இயல்பு ஒன்றாகவே இருந்தது. அலுவலுடையின் சொல் கலைஞரின் புகழுக்குரிய சொல்லாக மாறுவதற்கு இவ்வொப்புமை இடந்தந்ததெனக் கருதுதல் தவறாகாது.

செம்படகும் மேடையும்

கன்ரனீய உலகில் இம்மாற்றம் இசைநாடகத்தினூடாக நிகழ்ந்தது. குவாங்டொங்கின் முத்தாற்றுக் கழிமுகம் கால்வாய்கள் நிறைந்தது. நாடகக் குழுக்கள் செந்நிறம் பூசிய படகுகளில் ஊரூராகச் சென்றன. அப்படகுகளிலேயே நடிகர் உண்டனர், உறங்கினர், பயின்றனர். ‘செம்படகு’ என்பது நாடகத்தொழிலுக்கே ஆகுபெயராயிற்று. படகு கரையணைந்ததும் மூங்கிற் கொட்டகை எழும். கோயில் விழாவையொட்டி நாடகம் பல நாள் நிகழும்.

மேடையில் நடிகன் பேரரசனாகவும் அமைச்சனாகவும் தளபதியாகவும் தோன்றினான். பூவேலை செய்த செவ்வங்கியும் ஊதா அங்கியும் அணிந்தான். மேடையிலிருந்து இறங்கியதும் அவனுடைய நிலை யாது? சிங் ஆட்சியின் சட்டம் நாடகக்காரரை இழிந்த வகுப்பாருள் வைத்தது. அவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அரச பரீட்சைக்கு அமரும் தகுதியற்றவராயினர். பரீட்சையே அலுவலுக்கு வழி. அலுவலே நிற அங்கிக்கு வழி. ஆகவே, உயர்நிறத்தை வாழ்வில் என்றுமே அணியமுடியாத ஒருவனே மேடையில் அதனை இரவுதோறும் அணிந்தான். அவனையே மக்கள் ‘சிவந்தவன்’ என்றனர். அரசு மறுத்த நிறத்தை மக்கள் சொல்லால் வழங்கினர். இத்தொடரின் சமூகப் பொருள் முழுமையாக வெளிப்படும் இடம் இதுவேயாகும்.

இம்முரண்பாடு ஒருமுறை ஆயுதப்போராகவே வெடித்தது. போஷான் நகரின் நாடகக் கலைஞரான லீ வென்மாவ் 1854இல், செந்தலைப்பாகையினரின் கிளர்ச்சியோடு சேர்ந்து, சக நடிகரைப் படையாகத் திரட்டி எழுந்தார். மேடையின் அங்கியையும் கவசத்தையும் அணிந்தே அவர்கள் போர்க்களம் புகுந்ததாகக் கூறப்படுகின்றது. கிளர்ச்சியாளர் 1855இல் அயல் மாகாணமான குவாங்சியிற் ‘தாசெங்’ என்னும் அரசையும் நிறுவினர். 1858இல் லீ இறந்தார். அரசின் பழிவாங்கல் கடுமையாக இருந்தது. போஷானிலிருந்த நடிகர் சங்கத்தின் மண்டபம் தரைமட்டமாக்கப்பட்டது. கன்ரனீய நாடகம் தடைசெய்யப்பட்டது. கலைஞர் பிறமாகாண நாடகக் குழுக்களின் போர்வையில் வாழ்ந்து கலையைக் காத்தனர். 1880களின் இறுதியிலேயே ‘எண்வகை ஒற்றுமை’ எனப் பொருள்படும் ‘பாட் வோ’ சங்க மண்டபம் கன்ரன் நகரிற் புதிதாக எழுந்தது. அக்கலை 2009இல் யுனெஸ்கோவின் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒருகாலத்துக் குற்றம் பிறிதொரு காலத்துப் பெருமையாதல் வரலாற்றின் இயல்பு.

நகரமும் விற்பனையும்

இருபதாம் நூற்றாண்டில் நாடகம் படகிலிருந்து நகர அரங்குக்கு இடம்பெயர்ந்தது. நுழைவுச்சீட்டு வாங்கும் பார்வையாளரும் நாளிதழும் இசைத்தட்டும் புகழின் புதிய ஊற்றுக்களாயின. முன்னணி நடிகர் ‘ஹுங் லிங்’, அதாவது ‘செங்கலைஞர்’ எனப்பட்டனர். 1930களில் சிட் கொக்-சின் (1904–1956), மா ஸீ-சாங் (1900–1964) ஆகிய இருவருக்குமிடையே நிலவிய போட்டி கன்ரனீய மக்களை இரு கட்சிகளாகவே பிரித்தது. சிட் நடித்த ‘வெண்பொன் நாகம்’ 1933இல் திரைப்படமாகிப் பெருவெற்றி பெற்றது. கன்ரனீய மொழிப் பேசும்படத்தின் தொடக்ககால மைல்கல் அது. அதே பெயரில் நன்யாங் சகோதரர் புகையிலைக் கம்பனியின் சிகரெட்டும் விற்பனையிலிருந்தது. ‘ஏந்திச் சிவப்பித்தல்’ என்னும் சொல்லிலுள்ள கைகள் இப்பொழுது எவருடையவை என்பதை இது உணர்த்தும். பேரரசனின் இடத்துக்கு மக்கள் வந்தனர். மக்களுக்கும் கலைஞருக்கும் இடையிலே முதலீடு வந்தமர்ந்தது.

இப்புகழுக்குக் கலைஞர் கொடுத்த விலை சிறிதன்று. ஷங்காயிற் கன்ரனீயக் குடும்பத்திற் பிறந்த ருவான் லிங்யூ (1910–1935) பேசாப்படக் காலத்தின் ஒப்பற்ற நடிகை. அவருடைய குடும்ப வாழ்வு வழக்காகி நீதிமன்றம் சென்றபோது, பத்திரிகைகள் அதனை நாள்தோறும் விற்பனைப் பொருளாக்கின. 1935 மார்ச் 8இல், இருபத்துநான்காவது வயதில், அவர் தமது வாழ்வை முடித்துக்கொண்டார். இறுதி ஊர்வலத்திற் பெருந்திரளான மக்கள் கூடினர். எழுத்தாளர் லூ சுன் அவ்வாண்டிலேயே இதுபற்றிக் கட்டுரை எழுதி, வலியோர் முன் பணிந்து எளியோர் மேற் பாயும் பத்திரிகைகளின் போக்கைக் கண்டித்தார். ‘சிவப்பின் வம்பு பெருகும்’ என்னும் முதுமொழி வெறும் அறிவுரையாகத் தோன்றலாம். அதன் உட்பொருள் எத்துணைக் கொடியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

போருக்குப் பிந்திய ஹொங்கொங்கில் யாம் கிம்-ஃபாய், பாக் சுயெட்-சின் ஆகிய இரு பெண் கலைஞரின் குழு 1956இல் தோன்றியது. ஆண்வேடம் தாங்கிய யாமைப் பெண்களே பெரிதும் போற்றினர். 1960களில் யாமின் மாணவியான சான் போ-சூ, அவருக்குப் போட்டியாக விளங்கிய சியூ ஃபோங்-ஃபோங் ஆகியோர் திரையில் ஊதாவாகச் சிவந்தனர். அவர்களை ஏந்தியோர் ஆலைகளில் உழைத்த இளம்பெண்கள். ஆடை, பிளாஸ்ரிக், மின்பொருள் ஆலைகளிற் கூலி பெற்ற அப்பெண்கள் முதன்முறையாகத் தம் கையிலே சிறு பணம் உடையோராயினர். தம்மைப்போன்ற இளம்பெண்ணைத் திரையிற் கண்டு, அவளைத் தாமே உயர்த்தினர். புகழின் இவ்வடிவம் தொழில்மயமாக்கத்தின் விளைபொருள் என்பது ஈண்டு தெளிவாகும்.

1967இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பு இப்போக்கை விரைவாக்கியது. சான் போ-சூவின் தலைமுறை ஓய்ந்ததோடு கன்ரனீயத் திரைப்படமும் தளர்ந்து, 1972அளவில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1973இல் தொலைக்காட்சி நடிகர் பலர் தோன்றிய ‘எழுபத்திரண்டு குடித்தனக்காரர் வீடு’ அதற்கு மீளுயிர் அளித்தது. 1974 முதல் சாம் ஹுய் பேச்சுவழக்குக் கன்ரனீயத்திற் பாடிய பாடல்கள் அம்மொழியின் மதிப்பையே உயர்த்தின. 1983இல் ஹுங் ஹொம் பகுதியில் 12,500 பேர் அமரத்தக்க உள்ளரங்கு திறக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அங்கு முதலிற் பாடிய பாடகரும் சாம் ஹுய்யே. இடப்பெயரின் முதலெழுத்தால் அவ்வரங்கு ‘ஹுங் குன்’, அதாவது ‘செம்மண்டபம்’ எனச் சுருக்கிக் கூறப்படுகின்றது. பெயர்ப்பொருத்தம் தற்செயலானது, ஆயினும், அங்கு பாடுதலே ஒருவர் உண்மையாகச் சிவந்தமைக்கு முத்திரையாக மக்களாற் கருதப்படலாயிற்று.

சிறுவயதிலேயே கேளிக்கைப் பூங்கா மேடைகளிற் பாடிப் பிழைத்த அனிற்றா முய் (1963–2003), 1982இல் பாடற்போட்டியொன்றில் வென்று அம்மண்டபத்தின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரானார். கடும் நோயுற்றிருந்தபோதும், 2003 நவம்பரில் அங்கு தொடர் நிகழ்ச்சிகளை நடத்தி விடைபெற்றார். அடுத்த மாதம் 30ஆம் திகதி மறைந்தார். அவருடைய இறப்பை ஒரு நகரமே தன் இழப்பாகக் கருதியது. இழிந்தோராகக் கொள்ளப்பட்ட மேடைக்காரருக்கு மக்கள் அளித்த மதிப்பு எத்துணைத் தொலைவுக்கு வந்துவிட்டது என்பதற்கு இது சான்று.

மற்றொரு சிவப்பு

ஒரே சொல் இரு அதிகாரங்களுக்கு உட்படின் என்ன நேரும் என்பதை, ‘ஹுங் சின்-நுய்’ (செந்நூற் பெண்) என்னும் மேடைப்பெயர் பூண்ட நாடகக் கலைஞரின் வாழ்வு விளக்குகின்றது. ஹொங்கொங்கில் நாடகத்திலும் திரையிலும் ஊதாவாகச் சிவந்திருந்த அவர், 1955இல் மா ஸீ-சாங்குடன் கன்ரனுக்குத் திரும்பிப் புதிய சீனத்தின் மேடையிற் பணியாற்றினார். அங்கு சிவப்பு என்பது புரட்சியின் நிறம்; ஒருவர் சிவந்தவரா என்பதை மக்களின் கைதட்டலன்று, கட்சியின் தீர்ப்பே முடிவுசெய்தது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966–1976) மரபுநாடகங்கள் ஒதுக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மாதிரி நாடகங்களே மேடையேறின. பெயரிலும் புகழிலும் சிவப்பை உடைய அக்கலைஞர், போதிய அளவு ‘சிவக்காதவர்’ எனத் துன்புறுத்தப்பட்டார். அக்காலம் கழிந்தபின் மீண்டும் மேடையேறி, 2013இல் மறையும்வரை பெருங்கலைஞராகப் போற்றப்பட்டார். நிறத்தை அளிக்கும் உரிமையை மக்கள் பெற்றுவிட்டனர் எனக் கொள்வதற்கு முன், அவ்வுரிமையை அரசு மீண்டும் கைக்கொள்ளக்கூடும் என்பதையும் இவ்வரலாறு நினைவூட்டுகின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. அரசின் தரவரிசைச் சொல்லாக இருந்த நிறம், அவ்வரிசையிலிருந்து சட்டத்தாலேயே விலக்கப்பட்ட கூத்தரின் புகழ்ச்சொல்லாக மாறியமை முதலாவது. இது மொழியினூடாக மக்கள் நிகழ்த்திய அமைதியான உரிமைமாற்றம். அளிப்போர் மாறியபோதும் அளிக்கப்படுவதன் இயல்பு மாறாமை இரண்டாவது; பேரரசன், இரசிகர், முதலாளி, கட்சி ஆகிய யாவரும் அளித்த நிறத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் தம்மிடமே வைத்திருந்தனர். இவ்வறிவைத் தொடர் தன்னுள்ளேயே காத்துவந்துள்ளமை மூன்றாவது. அது புகழை ஒளியாகவோ உயரமாகவோ சொல்லவில்லை. துணியில் ஏறும் சாயமாகச் சொல்லியது.

இருபத்தோராம் நூற்றாண்டில் இணையத்தாற் பெயர்பெறுவோர் ‘வலைச்சிவப்பர்’ எனச் சீன மொழியில் வழங்கப்படுகின்றனர். சங்கானின் இசைக்கலைஞர் பல ஆண்டுகளிற் கண்ட ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவர்கள் சில நாட்களிற் காண்கின்றனர். சாயமிடும் தொட்டி புதியது, சாயம் பழையது. கலைஞரைச் சிவப்பித்து மகிழும் சமுதாயம், சாயம் வெளுத்த பின்னரும் அவரை மனிதராக மதிக்கின்றதா என்னும் வினா, பாய் ஜூயீ படகிலிருந்து கேட்ட காலம்முதல் இன்றுவரை விடை வேண்டி நிற்கின்றது.